கரண்ட் போன பிறகு டேட்டாபேஸ் எழவில்லை: கோத்தகிரி வாசகிக்குப் பதில்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை பாக்டரியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரையும் பாக்டரி விவரத்தையும் தவிர்த்து, கடிதத்தின் சாரம் இது:

“எங்கள் பாக்டரிக்குச் சுமார் 380 சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலை கொடுக்கிறார்கள். தினமும் 150 எடைச் சீட்டுகள் வரும். எல்லாம் கம்ப்யூட்டரில்தான். கோவையில் ஒருவர் எழுதிக் கொடுத்த பில்லிங் சாஃப்ட்வேர், எக்ஸாம்ப்பில் (டேட்டாபேஸ் சர்வரை நம் கம்ப்யூட்டரிலேயே ஓட்டும் இலவசத் தொகுப்பு) ஓடுகிறது. சனிக்கிழமை சாயங்காலம் காற்றில் மரம் சாய்ந்து லைன் அறுந்தது. யூபிஎஸ் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஏழு மணிக்குக் கரண்ட் வந்ததும் ஆன் செய்தேன். விண்டோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே மறுபடி போய்விட்டது. ஞாயிறு காலை 8.12க்கு ஸ்டார்ட் அழுத்தினால், மைஎஸ்க்யூஎல் மஞ்சளாக ஒரு வினாடி வந்து நின்றுவிடுகிறது. பத்துத் தடவை முயன்றேன். ஒரு வீடியோவைப் பார்த்து ‘ஐபி லாக்ஃபைல்’ இரண்டையும் டெலிட் செய்தேன். அப்படியும் வரவில்லை. லாகில் ‘கிராஷ் ரெக்கவரி’ என்று இருக்கிறது. டேட்டா கிராஷ் ஆகிவிட்டதா? ஓனரின் மருமகன், எக்ஸாம்ப்பில் இருக்கும் ‘பேக்கப்’ ஃபோல்டரை எடுத்து ‘டேட்டா’ மேல் போடச் சொல்கிறார். ஓனர் ஃபார்மேட் அடித்துவிடலாம் என்கிறார். கோவையில் டேட்டா ரெக்கவரி கடையில் 35,000 ரூபாய் கேட்கிறார்கள். அதை என் சம்பளத்தில் பிடிப்பதாகப் பேச்சு. வெள்ளிதோறும் டேட்டா ஃபோல்டரை ‘டி’ டிரைவில் காப்பி எடுக்கிறேன். பென் டிரைவில் ஆகஸ்ட் கடைசியில் எடுத்த எக்ஸ்போர்ட் ஒன்றும் இருக்கிறது. மாதக் கணக்கு முடிக்க வேண்டிய நேரம். என்ன செய்வது?”

காலை 8.12, 10.40 ஆகிய இரண்டு முயற்சிகளின் லாக் (சர்வர் எழும்போது நடந்ததை எழுதிவைக்கும் குறிப்பு) வரிகளையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அனுப்பிய லாகைப் படித்த அளவில், விவசாயிகளின் எடைக் கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே தெரிகிறது. அந்த லாகை உங்களோடு சேர்ந்து ஒருமுறை படிக்கிறேன். நாளை இதுபோல் வேறொன்று வந்தால் நீங்களே படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு முன், இந்த நிமிடத்திலிருந்து ஸ்டார்ட் பொத்தானைத் தொடாதீர்கள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சர்வர் கோப்புகளில் ஏதாவது எழுதுகிறது. எழாத சர்வரைப் பத்துத் தடவை தட்டி எழுப்புவதில் லாபம் எதுவும் இல்லை.

லாக் என்ன சொல்கிறது

எக்ஸாம்ப் பலகையில் மைஎஸ்க்யூஎல் என்று எழுதியிருந்தாலும், உள்ளே ஓடுவது அதன் வழிவந்த மரியாடிபி என்ற டேட்டாபேஸ் சர்வர். உங்கள் லாகின்படி 10.4.32. அதற்குள் இருக்கும் சேமிப்பு எஞ்சின்களில் (டேபிள்களைக் கோப்புகளில் எழுதிப் படிக்கும் பகுதிகள்) இங்கே முக்கியமானவை இரண்டு. பில்லிங் டேபிள்கள் இன்னோடிபி எஞ்சினில். யூசர், பாஸ்வேர்டு, அனுமதி போன்ற சர்வரின் சொந்தக் கணக்குகளில் பெரும்பகுதி ஏரியா எஞ்சினில். இந்தப் பிரிவைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

8.12 வரிகளில் முதல் பிழை, ‘ஏரியா ரெக்கவரி ஃபெயில்டு’. அதற்கு அடுத்ததாக வருவது இன்னோடிபி: ‘ஸ்டார்ட்டிங் கிராஷ் ரெக்கவரி’, பிறகு ‘10.4.32 ஸ்டார்ட்டட்’. கடைசியில், சர்வரின் சொந்தக் கணக்குகளில் ஒன்றான ப்ளகின் டேபிளைத் திறக்க முடியவில்லை என்று சொல்லி, ‘அபார்ட்டிங்’ என்று முடிகிறது.

நீங்கள் பயந்த ‘கிராஷ் ரெக்கவரி’ நல்ல வரி. திடீரென நின்றுபோன இன்னோடிபி, தன் லாக்ஃபைலை (மாற்றங்களை அது எழுதிவைக்கும் ‘ஐபி லாக்ஃபைல்’, நீங்கள் அனுப்பிய லாக் வேறு) பார்த்து, பாதியில் நின்ற வேலையை முடித்தோ ரத்து செய்தோ தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. அடுத்து வரும் ‘ஸ்டார்ட்டட்’, அந்த வேலை முடிந்தது என்பதற்குச் சாட்சி. எடைக் கணக்கு இருக்கும் எஞ்சின் எழுந்துவிட்டது. சர்வரின் சொந்தக் கணக்கு இருக்கும் எஞ்சின்தான் மக்கர் செய்கிறது. அது இல்லாமல் யாரை உள்ளே விடுவது என்றே சர்வருக்குத் தெரியாது. அதனால் மொத்தமாக நின்றுவிடுகிறது.

காரணம் பெரும்பாலும் அந்த ஏழு மணிக் கரண்ட்தான். சர்வர் விண்டோஸோடு தானாக ஏறும்படி வைத்திருந்தால், முதல் தடவை போனதற்கான பழுதை அப்போது அது பார்த்துக்கொண்டிருந்திருக்கும். அந்த நேரத்தில் இரண்டாவது அடி. காற்று ஓயாத அன்று வந்த கரண்ட் நிற்காது என்பது மலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். வந்தபின் அரை மணி நேரமாவது விட்டு ஆன் செய்யுங்கள்.

டெலிட் செய்த லாக்ஃபைல்கள்

இதை எடுத்த எடுப்பில் செய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. இன்னோடிபி சரியாக நிறுத்தப்பட்டிருந்தால் அந்த இரண்டு கோப்புகளும் போனாலும் அது புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். அரைகுறையாக நின்றிருந்தால், கடைசி நேரப் பதிவுகள் அந்தக் கோப்புகளில் மட்டுமே இருக்கும். டெலிட் செய்தால் அவையும் போகும், டேபிள்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். அப்படி ஆகியிருந்தால், ‘லாக் சீக்வென்ஸ் நம்பர் இஸ் இன் தி ஃபியூச்சர்’ என்ற வரி கொத்துக்கொத்தாக வரும். உங்கள் 10.40 லாகில் அது ஒன்றுகூட இல்லை. 8.12க்கே இன்னோடிபி ரெக்கவரியை முடித்துவிட்டதால் தப்பித்தீர்கள். அதிர்ஷ்டம்தான், இன்னொரு நாள் இதைச் செய்யாதீர்கள்.

ரீசைக்கிள் பின்னில் அந்தப் பழைய இரண்டும் இருந்தால் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். டேட்டா ஃபோல்டருக்குள் திரும்பப் போட வேண்டாம். சர்வர் இதற்குள் புதிய இரண்டை உண்டாக்கி ஓட்டிவிட்டது. பழையதைக் கலந்தால் சிக்கல் புதிதாக ஆரம்பிக்கும்.

மருமகன் சொல்லும் வழியை ஏன் செய்யக்கூடாது

‘பேக்கப்’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். அது உங்கள் கணக்கின் பேக்கப் இல்லை. எக்ஸாம்ப் நிறுவும்போது வந்த வெற்று டேட்டா ஃபோல்டரின் நகல் அது. அதற்குள் ‘ஐபிடேட்டா1’ என்று ஒரு கோப்பு இருக்கும். லீஃப் ஷெட்டில் (பச்சைத் தேயிலை வந்து இறங்கும் கொட்டகை) மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன, எந்த மூட்டை யாருடையது என்பது வாசலில் இருக்கும் பதிவேட்டில் இருக்கிறது என்று வையுங்கள். ‘ஐபிடி’ என்று முடியும் கோப்புகள் மூட்டைகள், ஐபிடேட்டா1 பதிவேடு. பேக்கப் ஃபோல்டரை மேலே போட்டால், எழுதிய பதிவேட்டை எடுத்துவிட்டு வெற்று நோட்டை வைத்ததாகும். சர்வர் அழகாகப் பச்சை விளக்குடன் எழும். டேபிள் பெயர்களும் தெரியும். திறந்தால் ‘1932, டேபிள் டஸிண்ட் எக்ஸிஸ்ட் இன் எஞ்சின்’. பழைய பதிவேட்டுக்கு நகல் இல்லை என்றால் அதன் பிறகுதான் நிஜமான ரெக்கவரி வேலை.

‘ஃபோர்ஸ் ரெக்கவரி’யை 6 என்று வைக்கச் சொல்லியும் யாராவது வருவார்கள். அது 1 முதல் 6 வரை போகும் அவசர நெம்புகோல். இன்னோடிபியே எழாதபோது, டேட்டாவை வெளியே எடுப்பதற்காக மட்டும், 1லிருந்து ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டியது. 4ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கோப்புகளுக்கு நிரந்தரக் கேடு வரலாம். 6 என்றால் லாக்ஃபைலையே பார்க்காதே என்று அர்த்தம். உங்கள் இன்னோடிபி எழுந்துவிட்டதால் இந்தப் பேச்சே இங்கு வேண்டாம்.

ஃபார்மேட்டைப் பற்றி ஓனரிடம் ஒரே வரி சொல்லுங்கள்: நல்லபடி இருக்கும் கணக்கை நாமே அழிக்கிறோம்.

செய்ய வேண்டியது, வரிசையாக

முதலில் டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பிரிவில், ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7ஆம் எண் நிகழ்வு இருந்தால் டிஸ்க்கில் கெட்ட பகுதி இருக்கிறது. டிக் டிக் என்று சத்தம் வந்தாலும் அதே அர்த்தம். அந்த நிலையில் மட்டும் எல்லாவற்றையும் நிறுத்தி, மெஷினை ஆஃப் செய்து, கோவைக் கடைக்குப் போகலாம். அப்போதுகூட ‘செக் டிஸ்க்’ ஓட்டாதீர்கள். அது கோப்புகளை வெட்டித் தனித்தனித் துண்டாக வேறு ஃபோல்டரில் போட்டுவிடக்கூடும். மெஷின் ஆன் ஆகும்போது திரையில் தானாகவே கேட்டால், நேரம் ஓடி முடிவதற்குள் ஒரு விசையை அழுத்தித் தவிர்க்கலாம்.

டிஸ்க் நன்றாக இருந்தால், டாஸ்க் மேனேஜரில் ‘மைஎஸ்க்யூஎல்டி’ எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, எக்ஸாம்ப்புக்குள் இருக்கும் மைஎஸ்க்யூஎல் ஃபோல்டரை முழுதாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். இரண்டு ஃபோல்டரிலும் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். கோப்புகளின் எண்ணிக்கையும் பைட் கணக்கும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு அந்த மெஷினை ஆஃப் செய்துவிடுங்கள்.

இனி எல்லாச் சோதனையும் வேறொரு லேப்டாப்பில். அதில் மரியாடிபி 10.4.32 வரும் எக்ஸாம்ப் 8.2.12ஐ நிறுவி, அதன் டேட்டா ஃபோல்டரின் பெயரை மாற்றி ஒதுக்கிவிட்டு, உங்கள் டேட்டா ஃபோல்டரின் நகலை வையுங்கள். வெர்ஷன் மாறக்கூடாது. பழைய மெஷினில், சர்வரின் அமைப்புகள் இருக்கும் ‘மை.ஐஎன்ஐ’ கோப்பில் யாராவது மாற்றம் செய்திருந்தால் அதையும் இங்கே அப்படியே கொண்டுவாருங்கள்.

அடுத்தது ஏரியாவின் வைத்தியம். அதன் மருந்துச் சீட்டு பிழை வரியிலேயே இருக்கிறது: முதலில் ‘ஏரியா_செக்’ (aria_chk) என்ற கருவியை மைனஸ் ஆர் (-r) சேர்த்து ஓட்டு, பிறகு ‘ஏரியா_லாக்’ எண் கோப்புகளை நீக்கு. அந்தக் கருவி மைஎஸ்க்யூஎல் ஃபோல்டருக்குள் ‘பின்’னில் இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் டேட்டா ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு, அதற்குள் இருக்கும் ‘மைஎஸ்க்யூஎல்’ ஃபோல்டரில் ‘எம்ஏஐ’ என்று முடியும் ஒவ்வொரு கோப்பின் மேலும் ஓட்டுங்கள். சில வினாடி வேலை. முடிந்ததும், ‘ஏரியா_லாக்’ என்று ஆரம்பித்து எட்டு இலக்க எண்ணில் முடியும் கோப்பையும், ‘ஏரியா_லாக்_கன்ட்ரோல்’ கோப்பையும் பெயர் மாற்றி வெளியே நகர்த்துங்கள். சர்வர் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். பெயர் ஒன்றுபோல் இருக்கிறது என்று ‘ஐபி’ என ஆரம்பிப்பவற்றில் கை வைத்துவிடாதீர்கள்.

இப்போது ஸ்டார்ட். பெரும்பாலும் பச்சை விளக்கு நிலைக்கும். நிலைக்காமல், அனுமதி டேபிள்களில் ஒன்றின் இண்டெக்ஸ் கெட்டிருப்பதாக வந்தால், அந்த எக்ஸாம்ப் பேக்கப் ஃபோல்டருக்கு ஒரு சின்ன உபயோகம் உண்டு: அதற்குள் இருக்கும் மைஎஸ்க்யூஎல் ஃபோல்டரிலிருந்து, பிழையில் சொன்ன அந்த டேபிளின் மூன்று கோப்புகளை (எம்ஏஐ, எம்ஏடி, எஃப்ஆர்எம்) மட்டும் எடுத்து வையுங்கள். ஐபிடி என்று முடிவதைத் தொடவே வேண்டாம். இப்படிச் செய்தால் நீங்கள் வைத்திருந்த யூசரும் பாஸ்வேர்டும் போய், நிறுவியபோது இருந்த நிலைக்கு வரும். பில்லிங் சாஃப்ட்வேர் எந்தப் பெயரில் உள்ளே போகிறது என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டு, அதே யூசரை மறுபடி உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

லாகில் ஏரியா பேச்சே இல்லாமல் வேறு ஏதாவது முதல் பிழையாக வந்தால், அது வேறு கதை. போர்ட் 3306 (மைஎஸ்க்யூஎல் வழக்கமாகப் பயன்படுத்தும் இணைப்பு எண்) என்று வந்தால் இன்னொரு சர்வர் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. பிழை எண் 32 என்றால் கோப்பை வேறொரு ப்ராசஸ் பிடித்திருக்கிறது, பல சமயம் ஆன்டிவைரஸ். 112 என்றால் டிஸ்க்கில் இடமில்லை.

எழுந்த பிறகு

உடனே பில் போட ஆரம்பிக்காதீர்கள். முதல் வேலை ‘மைஎஸ்க்யூஎல்டம்ப்’ வைத்து முழு டேட்டாபேஸையும் ஒரு எஸ்க்யூஎல் கோப்பாக எடுப்பது. முடிந்ததும் கோப்பைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கள்: ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்று தேதியுடன் இருந்தால்தான் அது முழுசு. நடுவில் நின்றிருந்தால் எந்த டேபிளில் நின்றது என்று தெரிந்துவிடும்.

அடுத்து, சனிக்கிழமை எடைச் சீட்டுக் கட்டை எடுங்கள். கரண்ட் போனபோது கையில் இருந்த கடைசிச் சீட்டின் எண் என்ன? அதற்கு முந்தைய பத்துச் சீட்டுகள் திரையில் இருக்கின்றனவா? ‘சேவ்’ ஆன சீட்டு இருக்கும். பாதி தட்டியது இருக்காது. பிறகு சனிக்கிழமை மொத்தக் கிலோவை லீஃப் ஷெட் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். அக்டோபர் தொடக்கத்திலிருந்து நாலைந்து தேதிகளுக்கு இப்படிச் செய்தால் போதும். டேபிளைச் சோதிக்கும் ‘செக் டேபிள்’ கட்டளையை ஓட்டிப் பார்ப்பதும் நல்லதுதான். ஆனால் அது பக்கங்கள் சரியாக இருக்கின்றனவா என்று சொல்லும். ஒரு விவசாயிக்கு 42 கிலோவா 24 கிலோவா என்று புத்தகம்தான் சொல்லும்.

எல்லாம் பொருந்தினால், பழைய மெஷினில் எக்ஸாம்ப்பைப் புதிதாக நிறுவி, இந்த எஸ்க்யூஎல் கோப்பை ஏற்றுங்கள். ஒட்டுப்போட்ட ஃபோல்டரிலேயே தொடர வேண்டாம்.

இத்தனையும் பலிக்காவிட்டால்கூட கணக்கு அழியவில்லை. ஆகஸ்ட் எக்ஸ்போர்ட்டை ஏற்றிவிட்டு அதன் பிறகான சீட்டுகளைக் கையால் ஏற்றலாம். 45 நாள், நாளுக்கு 150 என்றால் 6,750 சீட்டு. இரண்டு பேர் உட்கார்ந்து ஆளுக்கு நிமிடத்துக்கு இரண்டு போட்டால் 28 மணி நேரம். நான்கு நாள் முதுகுவலி. ஆனாலும் தேயிலை வாரியம் மாத விலையை அறிவித்து, பாக்டரி விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கும் நேரத்துக்குள் முடிகிற வேலை. 35,000 ரூபாயை இதோடு வைத்துத்தான் ஓனர் எடை போட வேண்டும்.

‘டி’ டிரைவ், யூபிஎஸ்

‘டி’ டிரைவ் பெரும்பாலும் வேறு டிஸ்க் இல்லை. ஒரே டிஸ்க்கைக் கோடு போட்டுப் பிரித்தது. டிஸ்க் போனால் இரண்டும் போகும். அதோடு, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபோல்டரைக் காப்பி எடுத்தால், முதல் கோப்பு ஒரு நேரத்தையும் கடைசிக் கோப்பு வேறு நேரத்தையும் காட்டும். எழுந்தாலும் எழும், எழாவிட்டாலும் எழாது. உங்களிடம் இருப்பதில் நம்பகமான பேக்கப், நீங்கள் பெரிதாக எண்ணாத அந்த ஆகஸ்ட் பென் டிரைவ்தான். இனி ராத்திரி லீஃப் வரத்து முடிந்ததும், ‘சிங்கிள் ட்ரான்ஸாக்ஷன்’ (எல்லா டேபிள்களையும் ஒரே நேரத்து நிலையில் எடுப்பது) விருப்பத்தோடு டம்ப் எடுக்க விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவிடுங்கள். இரண்டு பென் டிரைவ், மாற்றி மாற்றி. ஒன்று எப்போதும் ஓனர் வீட்டில். மாதம் ஒருமுறை அந்த லேப்டாப்பில் ஏற்றிப் பாருங்கள்.

யூபிஎஸ் பேட்டரிக்கு ஆயுள் உண்டு. குளிரில் அதன் கொள்ளளவும் குறையும். பிரிண்டரை அதிலிருந்து கழற்றுங்கள். யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி வசதி இருந்தால் ஒயரை மாட்டி, பேட்டரி பாதி ஆனதும் விண்டோஸ் தானாக நிற்கும்படி வையுங்கள். சிபியூ பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். தேயிலைப் பஞ்சு விசிறியில் பழுப்பு நிறக் கம்பளி மாதிரி படிந்திருக்கும். அந்தச் சூட்டில் எந்த டிஸ்க்கும் நெடுநாள் தாங்காது.

சம்பளப் பிடித்தம், கடைக்குக் கொடுப்பது

பிடித்தம் பற்றி வக்கீலோ தொழிலாளர் அலுவலகமோதான் முடிவாகச் சொல்ல முடியும். ஆனால் நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், அது ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாக வந்த நஷ்டமாக இருக்க வேண்டும், அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும், நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது என்பது நம் நாட்டுச் சம்பளச் சட்டத்தில் இருக்கும் விதி. இங்கே லைன் அறுந்ததும் பேட்டரி செத்ததும் உங்கள் கையில் இல்லை. லாக்ஃபைலை டெலிட் செய்தது உங்கள் கைதான். அதை மறைக்க வேண்டாம். சனி மாலை முதல் நடந்ததை நேரத்தோடு ஒரு பக்கம் எழுதி, லாக் பிரதியுடன் ஓனரிடம் கொடுங்கள். பழுது அதற்கு முன்பே இருந்தது என்பதற்கு 8.12 வரிகளே ஆதாரம்.

டிஸ்க்கைக் கடைக்குக் கொடுக்கும் நிலை வந்தால், அதில் 380 குடும்பங்களின் வங்கிக் கணக்கு எண் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். சீரியல் எண் எழுதிய ரசீது வாங்குங்கள். கூரியரில் போட வேண்டாம். துணியில் சுற்றி, மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் போகட்டும். போனில் பேசி ‘எனிடெஸ்க் (தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் சாஃப்ட்வேர்) போடுங்கள், நான் சரி செய்கிறேன்’ என்று சொல்லும் முகம் தெரியாதவருக்கு அந்த மெஷினைத் திறந்துவிடாதீர்கள்.

லேப்டாப்பில் செய்து பார்த்துவிட்டு, அப்படியும் எழவில்லை என்றால், அந்த ஒரு முயற்சியின் லாகை முதல் வரியிலிருந்து ‘அபார்ட்டிங்’ வரை வெட்டாமல் அனுப்புங்கள். அதுவரை பழைய மெஷினின் ஒயர் பிளக்கில் இருக்க வேண்டாம்.